எபிக்யூரஸ், இன்பம், சுதந்திரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்பம் மனிதனை அடிமையாக்குமா, விடுவிக்குமா? இந்தக் கேள்வியோடு வருபவர்களுக்குப் பண்டைய கிரேக்கத்தின் எபிக்யூரஸை விட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. இன்பமே வாழ்வின் நோக்கம் என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர். சுதந்திரம் பற்றிய பேச்சையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அதனால் இந்தப் பக்கத்தில் எல்லாக் கேள்விகளும் அவரைச் சுற்றியே வருகின்றன.

யார் இந்த எபிக்யூரஸ்?

கி.மு. 341இல் சாமோஸ் தீவில் பிறந்தவர். அப்பா நியோக்ளஸ் ஏதென்ஸிலிருந்து போய் அங்கே குடியேறியவர். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த வாத்தியார். எபிக்யூரஸ் 18 வயதில் ஏதென்ஸுக்குக் கட்டாயப் படைப்பயிற்சிக்குப் போனார். அந்த நேரம் பார்த்து மாசிடோனிய அரசர் அலெக்சாண்டர் இறந்தார் (கி.மு. 323). மாசிடோனியரை எதிர்த்து ஏதென்ஸ் கிளம்பியது, தோற்றது. அடுத்த வருடம் ஏதென்ஸில் குறிப்பிட்ட அளவு சொத்து இல்லாதவர்களின் குடியுரிமை பறிபோனது. சாமோஸில் குடியேறியிருந்த ஏதென்ஸ்காரர்களும் துரத்தப்பட்டார்கள். எபிக்யூரஸின் குடும்பம் வீடு நிலத்தையெல்லாம் விட்டுவிட்டு ஆசியா மைனரின் கொலோஃபோனில் போய் ஒண்டியது.

இந்தப் பின்னணியைச் சொல்லாமல் அவருடைய இன்பக் கொள்கையை மட்டும் சொன்னால் ஏதோ வசதியான வீட்டுப் பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து யோசித்தது மாதிரி இருக்கும். அவர் வாழ்ந்த காலத்தில் ஏதென்ஸ் பல தடவை கைமாறியது. யாருடைய சுதந்திரமும் நிச்சயமில்லாத காலம்.

மைட்டிலீனிலும் லாம்ப்சகஸிலும் கொஞ்ச காலம் கற்பித்துவிட்டு, கி.மு. 306 வாக்கில் ஏதென்ஸ் திரும்பினார். நகர மதிலுக்கு வெளியே, பிளேட்டோவின் அகாடமிக்குப் போகும் பக்கத்தில், 80 மினாவுக்கு (மினா என்பது பழைய கிரேக்கப் பணக் கணக்கு) ஒரு தோட்டம் வாங்கினார். அவருடைய பள்ளிக்கே ‘தோட்டம்’ என்றுதான் பெயர். பெண்களும் அடிமைகளும் அங்கே உட்கார்ந்து தத்துவம் பேசினார்கள் என்பது அந்தக் காலத்துக்கு அரிது. கி.மு. 270இல் இறந்தார்.

“தின்னு, குடி, கொண்டாடு” என்று சொன்னவர் இவர்தானே?

இல்லை. ஆனால் உயிரோடு இருந்தபோதே அவர் மேல் விழுந்த பழி அது. அவருடைய நெருங்கிய சீடர் மெட்ரோடோரஸின் சொந்தச் சகோதரர் திமோக்ரடீஸ், தோட்டத்தை விட்டு வெளியேறிய பிறகு, “எபிக்யூரஸ் மிதமிஞ்சித் தின்றுவிட்டு ஒரு நாளைக்கு இரண்டு முறை வாந்தி எடுப்பார்” என்று எழுதிப் பரப்பினார். இப்படிப்பட்ட கதை உண்மையைவிட வேகமாக ஓடும்.

தோட்டத்து வாசலில் என்ன எழுதியிருந்தது என்று ரோமானிய ஸ்டோயிக் சிந்தனையாளர் செனெகா சொல்கிறார். “விருந்தாளியே, இங்கே நீ தங்கலாம், இங்கே இன்பமே உயர்ந்த நன்மை” என்று இருக்குமாம். உள்ளே போனால் காவல்காரர் அன்பாக வரவேற்றுப் பார்லி உணவும் வேண்டிய மட்டும் தண்ணீரும் தருவார். பிறகு கேட்பார்: “நன்றாகக் கவனித்துக்கொண்டோமா?” இந்தத் தோட்டம் பசியைக் கிளறிவிடாது, தீர்த்துவைக்கும் என்பது அந்த வரவேற்பின் பொருள். எதிர்முகாமைச் சேர்ந்த செனெகா இதைப் பாராட்டாகத்தான் எழுதுகிறார்.

பார்லியும் தண்ணீரும் இன்பமா? இது எந்த ஊர் நியாயம்?

அவர் இன்பத்தை இரண்டு வகையாகப் பார்த்தார். ஒன்று, நடந்துகொண்டிருக்கும் இன்பம். தாகத்தில் தண்ணீர் உள்ளே இறங்கும்போது வருவது. மற்றது, தாகம் அடங்கிய பிறகு எந்த உறுத்தலும் இல்லாமல் இருக்கும் நிலை. இரண்டாவதே உச்சம் என்றார். உடம்பில் வலி இல்லை, மனதில் கலக்கம் இல்லை. அதற்கு மேல் இன்பம் பெருகாது, வகைதான் மாறும். தாகம் தணிந்தவனுக்கு வெள்ளிக் கோப்பையில் இன்னொரு மடக்கு கொடுத்தால் அது மாறுதல், உயர்வு கிடையாது.

இதைக் கேட்ட உடனே எதிரிகள் “இது தூங்குகிறவனின் இன்பம், பிணத்தின் இன்பம்” என்று கேலி செய்தார்கள். கேலியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. வலி இல்லாத நிலையும் இன்பமும் ஒன்றேதானா என்பது இன்றுவரை முடியாத வழக்கு. ஆனால் பல்வலி நின்ற அடுத்த நாள் காலையை நினைத்துப் பாருங்கள். ஒன்றுமே நடக்கவில்லை, அந்த ‘ஒன்றுமே நடக்காதது’ எவ்வளவு சுகம் என்று அன்று ஒரு நாள் மட்டும் தெரியும். எல்லா நாளும் அப்படி உணரப் பழகலாம் என்பது எபிக்யூரஸின் நம்பிக்கை.

ஆசைகளை அவர் எப்படிப் பிரித்தார்?

மூன்றாக. பசி, தாகம், குளிருக்கு ஒதுங்க இடம் போன்றவை இயற்கையானவை, அவசியமானவை. ருசியான பதார்த்தம் வேண்டும் என்பது இயற்கையானது, ஆனால் அவசியமில்லை. கிரீடம் வேண்டும், ஊர் நடுவில் எனக்குச் சிலை வேண்டும் என்பது இயற்கையும் இல்லை, அவசியமும் இல்லை. வெறும் அபிப்பிராயத்தில் பிறந்தது. சிலை என்ற உதாரணம் பழைய உரைக்குறிப்பு ஒன்றிலேயே வருகிறது. நம் ஊர் நாற்சந்திகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

முதல் வகைக்கு ஓர் எல்லை உண்டு. பசித்தவனுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை வயிறே சொல்லிவிடும். மூன்றாவது வகைக்கு எல்லையே இல்லை. எவ்வளவு புகழ் போதும் என்று சொல்ல உடம்பில் எந்த உறுப்பும் கிடையாது.

சரி, இதில் சுதந்திரம் எங்கே வருகிறது?

இங்கேதான். எபிக்யூரஸின் பெயரில் கிடைத்திருக்கும் சிறு வாசகங்களில் ஒன்று, தன்னிறைவின் மிகப் பெரிய கனி சுதந்திரம் என்கிறது. இன்னொன்று இன்னும் காரமானது. சுதந்திரமாக வாழ்கிறவன் பெரிய சொத்துச் சேர்க்க முடியாது, ஏனென்றால் கூட்டத்துக்கோ அரசர்களுக்கோ அடிபணியாமல் அது எளிதில் நடக்காது.

நான் புரிந்துகொண்டது இது: ஒவ்வொரு இன்பத்தையும் எடைபோடும்போது அவர் “இது எவ்வளவு சுகம்?” என்பதோடு நிறுத்தவில்லை. “இது கிடைக்க நான் யார் வாசலில் கைகட்டி நிற்க வேண்டும்?” என்றும் கேட்டார். ரொட்டியும் தண்ணீரும் கிடைக்க அரண்மனைக்குப் போக வேண்டியதில்லை. பதவி கிடைக்கப் போக வேண்டும். ஒருவரை மிரட்டவோ விலைக்கு வாங்கவோ, அவர் இழக்க அஞ்சும் ஒன்று தேவை. அந்தப் பட்டியல் குறுகக் குறுக, அவரைப் பிடிக்கும் கைப்பிடிகளும் குறைகின்றன.

அவர் இதைச் சோதித்தும் பார்த்தார். சில நாட்களைக் குறித்து வைத்துக்கொண்டு அன்றைக்கு அரைகுறையாகச் சாப்பிடுவார். முழு இன்பத்தில் ஏதாவது குறைகிறதா, குறைந்தால் அதற்காகப் பாடுபடுவது தகுமா என்று கவனிப்பார். நண்பருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் பெருமையடித்துக்கொள்கிறார்: ஒரு காசுக்கும் குறைவான செலவில் நான் சாப்பிட்டு முடித்துவிட்டேன், மெட்ரோடோரஸ் இன்னும் அவ்வளவு தேறவில்லை, அவனுக்கு முழுக் காசு தேவைப்படுகிறது. தத்துவ வரலாற்றில் இவ்வளவு சின்னத் தொகைக்கு நடந்த போட்டி வேறு இருக்காது.

உண்மையான பரீட்சை கி.மு. 295 வாக்கில் வந்தது. டெமிட்ரியஸ் என்ற மாசிடோனியப் படைத்தலைவன் ஏதென்ஸை முற்றுகையிட்டுத் தானியம் வராமல் அடைத்துவிட்டான். பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் அந்தப் பஞ்சத்தை இரண்டு காட்சிகளில் சொல்கிறார். ஒரு வீட்டில் தகப்பனும் மகனும் எல்லா நம்பிக்கையும் விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கூரையிலிருந்து செத்த எலி ஒன்று விழுகிறது. இருவரும் பாய்ந்து அதற்காகச் சண்டை போடுகிறார்கள். அதே நகரத்தில் எபிக்யூரஸ் தம்மோடு இருந்தவர்களுக்கு அவரையை எண்ணி எண்ணிப் பங்குபோட்டு உயிர் காத்தார். எல்லாருக்கும் ஒரே பசிதான். தோட்டத்தில் இருந்தவர்கள் குறைவாக வாழ்வதை முன்பே பழகியிருந்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

அப்படியென்றால் இது துறவுதானே? சுற்றிவளைத்து அங்கேதானே வந்து நிற்கிறார்?

இல்லை. எளிமைக்கும் ஓர் அளவு உண்டு, அதைக் கவனிக்காதவன் அளவில்லாமல் அனுபவிப்பவனைப் போலவே கெடுவான் என்று அவரே சொன்னதாக ஒரு வாசகம் இருக்கிறது. நண்பருக்கு எழுதுகிறார்: “ஒரு சின்னப் பானையில் பாலாடைக்கட்டி அனுப்பு. நினைத்தபோது விருந்து சாப்பிடலாம்.” பாலாடைக்கட்டி தீயது என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. கிடைத்தால் கொண்டாட்டம், கிடைக்காவிட்டால் புலம்பல் இல்லை. துறவிக்கு இன்பம் சந்தேகத்துக்குரியது. இவருக்கு எந்த இன்பமும் தன்னளவில் கெட்டதல்ல, அதைத் தொடர்ந்து வரும் தொல்லைதான் கணக்கு.

‘போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து’ என்று நம்மவர்களே சொல்லிவிட்டார்களே?

பொருள் ஏறக்குறைய ஒன்றுதான். யார் யாருக்குச் சொல்கிறார் என்பதில் விஷயம் இருக்கிறது. நம்மிடையே இந்தப் பழமொழி பெரும்பாலும் இருப்பவர் இல்லாதவருக்குச் சொல்வதாகவே காதில் விழுகிறது. சம்பள உயர்வு கேட்டவருக்குப் பதிலாகச் சொன்னால் அது தத்துவம் இல்லை, தந்திரம்.

எபிக்யூரஸ் இதை மேல்நோக்கிச் சொன்னார். அரச அதிகாரத்தில் பெரிய பொறுப்பில் இருந்த நண்பர் இடோமெனியஸுக்குத்தான் எழுதினார்: பைத்தோக்ளஸை (தோட்டத்து இளம் சீடன்) பணக்காரனாக்க விரும்பினால் அவன் பணத்தைக் கூட்டாதே, ஆசையைக் குறை.

எல்லாம் அணுக்கள் என்றால் சுயவிருப்பம் ஏது?

இது அவரைத் தூங்கவிடாத கேள்வியாக இருந்திருக்க வேண்டும். அவருக்கு முன் கிரேக்கத் தத்துவவாதி டெமாக்ரிட்டஸ், உலகம் முழுவதும் அணுக்களும் வெற்றிடமும்தான் என்றார். எபிக்யூரஸ் அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் அணுக்கள் விதிப்படியே ஓடினால், நான் கை தூக்குவதும் அந்த ஓட்டத்தின் பகுதிதான். அப்புறம் “இந்த ஆசையை விடு, அந்த ஆசையைத் தேர்ந்தெடு” என்று யாருக்கு உபதேசம்?

அதற்கு அவர் பக்கம் தந்த விடை பிரபலமானது. அணுக்கள் நேர்க்கோட்டில் போகும்போது, எந்த இடத்தில் எந்த நேரத்தில் என்று சொல்ல முடியாதபடி, மிக மிகச் சிறிதளவு விலகும். அந்த விலகல்தான் விதியின் சங்கிலியை அறுக்கிறது. அவருடைய கைப்பட இது நமக்குக் கிடைக்கவில்லை, கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் விரிவாகச் சொல்கிறார். பந்தய மைதானத்தில் கதவு திறந்த கணத்தைக் கவனிக்கச் சொல்கிறார். குதிரையின் மனம் ஏற்கெனவே பாய்ந்துவிட்டது. உடம்பு இன்னும் கிளம்பவில்லை. உடம்பு முழுவதிலும் உள்ள பொருள் திரண்டு மனத்தின் விருப்பத்தைப் பின்தொடர ஒரு நொடி ஆகிறது. அந்த நொடி இடைவெளியில், இயக்கம் உள்ளிருந்து தொடங்குவது தெரிகிறது என்பது அவர் வாதம்.

ரோமானியப் பேச்சாளரும் சிந்தனையாளருமான சிசரோ இதைச் சிறுபிள்ளைக் கதை என்று தள்ளினார். இன்றைய தத்துவ மாணவரும் முதல் நாளே கேட்பார்: அணு தற்செயலாக விலகினால் அது என் விருப்பம் எப்படி ஆகும்? பகடை விழுவதற்கும் நான் முடிவெடுப்பதற்கும் வித்தியாசம் வேண்டாமா? எனக்கும் இந்த இடம் பலவீனமாகவே படுகிறது.

ஆனால் மெனோசியஸுக்கு எபிக்யூரஸ் எழுதிய கடிதத்தில் இதைவிட நல்ல வாதம் இருக்கிறது. சில விஷயங்கள் கட்டாயத்தால் நடக்கின்றன, சில தற்செயலால், சில நம்மால். பாராட்டும் பழியும் மூன்றாவதோடு மட்டுமே ஒட்டும். இயற்பியல்காரர்களின் விதிக்கு அடிமையாவதைவிடக் கடவுள் கதைகளையே நம்பிவிடலாம் என்கிறார். கடவுளிடமாவது வேண்டிக்கொள்ளும் நம்பிக்கை இருக்கும், விதி எதற்கும் இரங்காது. கடவுள் பயத்தை ஒழிக்கவே பாடுபட்ட ஒருவர் இப்படி எழுத வேண்டுமென்றால், விதிவாதம் அவரை எவ்வளவு உறுத்தியிருக்கும்!

கார்ல் மார்க்ஸ் 1841இல் யெனா பல்கலைக்கழகத்தில் பெற்ற முனைவர் பட்டம் டெமாக்ரிட்டஸுக்கும் எபிக்யூரஸுக்கும் இயற்கைத் தத்துவத்தில் உள்ள வேறுபாடு பற்றியது. சிசரோ சிரித்த அந்த விலகலில்தான் மார்க்ஸ் எபிக்யூரஸின் மேன்மையைக் கண்டார்.

மரண பயத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நாம் இருக்கும்போது மரணம் இல்லை, மரணம் வரும்போது நாம் இல்லை. இந்த வாதம் பலருக்குத் தெரியும். இதன் அரசியல் பக்கத்தை லுக்ரீஷியஸ்தான் திறந்து காட்டுகிறார்: பணவெறியும் பதவிவெறியும் பெரும்பாலும் மரண பயத்தில் ஊட்டம் பெறுகின்றன. ஏழ்மையும் அவமானமும் சாவின் வாசற்படி மாதிரித் தோன்றுவதால் மனிதர்கள் அதிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் ஓடுகிறார்கள்.

பிளேட்டோ என்ன சொன்னார்?

பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் கல்லிக்ளஸ் என்ற இளைஞன் அசராமல் சொல்கிறான்: ஆசைகளை முடிந்தவரை பெருகவிட்டு, அவற்றை நிறைவேற்றும் வலிமையும் வைத்துக்கொள்வதுதான் சுதந்திரம், அதுவே சிறப்பு, மற்றதெல்லாம் கையாலாகாதவர்கள் கண்டுபிடித்த வெட்கம். சாக்ரடீஸின் பதில், ஓட்டைப் பானை. ஓட்டைப் பானையில் இரவும் பகலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பவனைச் சுதந்திரமானவன் என்பாயா? கல்லிக்ளஸும் லேசுப்பட்டவன் இல்லை. பானை நிறைந்துவிட்டால் கல் மாதிரி உட்கார வேண்டியதுதான், ஊற்றுவதில்தான் சுகம் என்கிறான்.

அந்தச் சண்டை முடியவில்லை. இன்றைய விளம்பரங்கள் எல்லாம் கல்லிக்ளஸ் கட்சி. எபிக்யூரஸ், இன்பமே இலக்கு என்பதில் கல்லிக்ளஸோடு நிற்கிறார். நிறைந்த பானையே சிறந்தது என்பதில் சாக்ரடீஸோடு.

அரிஸ்டாட்டில் வேறு வழியில் போனார். இன்பம் தனியான பொருள் இல்லை, ஒரு செயலைச் சரியாகச் செய்யும்போது அதன் மேல் மலர்வது என்றார். என் தனிப்பட்ட சாய்வு இவர் பக்கம்தான். ஆனால் அவர் சொன்ன செயல்களுக்கு ஓய்வும் உரிமையும் வேண்டும். அடிமைகளுக்கு அங்கே இடமில்லை.

காண்ட் இதையெல்லாம் நிராகரித்தவர்தானே?

கொள்கையளவில் ஆமாம். 1785இலும் 1788இலும் வெளிவந்த அறவியல் நூல்களில் இம்மானுவேல் காண்ட் சொன்னது: இன்பத்தைப் பார்த்து முடிவெடுப்பவன் எவ்வளவு நிதானமாகக் கணக்குப் போட்டாலும் அவனை நடத்துவது அவனுடைய இயல்பூக்கம், அறிவு தனக்குத்தானே சட்டம் விதித்துக்கொள்ளும்போதுதான் மனிதன் சுதந்திரன். எபிக்யூரஸுக்கு இது நேரடி அடி. ஆசைகளை வரிசைப்படுத்தும் அந்த அறிவும் கடைசியில் இன்பத்துக்கு வேலைக்காரன்தானே?

இருந்தும் 1797இல், முதிய வயதில், அறக்கடமைகளை எப்போதும் மலர்ந்த மனத்தோடு செய்ய வேண்டும் என்று எழுதும்போது அவர் துணைக்கு அழைப்பது ‘நற்குணமுடைய எபிக்யூரஸை’. முகத்தைச் சுளித்துக்கொண்டு செய்யும் நன்மை காண்டுக்கே பிடிக்கவில்லை.

இன்பம் மட்டுமே தரும் இயந்திரத்தில் நுழைவீர்களா என்ற கேள்விக்கு எபிக்யூரஸின் பதில் என்னவாக இருக்கும்?

அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1974இல் கேட்டது அது. மூளையில் கம்பி இணைத்தால் நீங்கள் விரும்பும் எந்த அனுபவமும் நிஜம் போலவே கிடைக்கும். வாழ்நாள் முழுக்க இணைந்திருப்பீர்களா? பலர் மாட்டேன் என்பார்கள், ஆகவே நமக்கு வேண்டியது இன்பம் மட்டும் இல்லை என்பது நோசிக்கின் முடிவு.

எபிக்யூரஸ் முதலில் “அந்தச் சுவிட்ச் யார் கையில்?” என்று கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். நோசிக்கின் கதையில் இயந்திரம் ஒருபோதும் பழுதாகாது, அதை நடத்துகிறவர்கள் மின்சாரத்தை நிறுத்த மாட்டார்கள். நிஜத்தில் அப்படிப்பட்ட இயந்திரத்தில் படுத்திருப்பவனைப் போலச் சார்ந்து வாழ்பவன் வேறு யாரும் இருக்க முடியாது. சுவிட்ச் நம் கையிலேயே இருந்தால் என்ன சொல்வார் என்பது கடினமான கேள்வி. அங்கே அவரைக் காப்பாற்ற என்னிடம் வாதம் இல்லை.

கைபேசியில் மணிக்கணக்காக ரீல்ஸ் பார்ப்பது இன்பமா, அடிமைத்தனமா?

1954இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் இருவரும் எலிகளின் மூளையில் மின்முனை பொருத்தினார்கள். நெம்புகோலை அழுத்தினால் மூளையின் ஒரு பகுதிக்குச் சின்ன மின்தூண்டல் கிடைக்கும். எலிகள் விடாமல் அழுத்தின. தொடர்ந்து வந்த சோதனைகளில் மணிக்கு ஆயிரக்கணக்கான தடவை அழுத்தும் எலிகளும், உணவை விட்டுவிட்டு நெம்புகோலே கதி என்று கிடந்த எலிகளும் இருந்தன. இன்ப மையத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று வெகுகாலம் நினைத்தார்கள்.

பின்னால் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் அந்த எண்ணத்தையே அசைத்தார். டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் ஏறக்குறைய முழுவதும் நீக்கப்பட்ட எலிகள் உணவைத் தேடிப் போகவில்லை. ஆனால் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் வழக்கம் போல நாக்கைச் சப்புக்கொட்டின. வேண்டும் என்ற உந்துதலும் பிடித்திருக்கிறது என்ற அனுபவமும் மூளையில் வேறு வேறு ஏற்பாடுகள் என்பது அவர் குழுவின் முடிவு. ஒன்று ஏறும்போது மற்றது ஏறவேண்டியதில்லை.

இரவு 1 மணிக்கு, எதுவும் பிடிக்காமலேயே அடுத்த வீடியோவுக்கு விரல் போகிறதே, அது இதுதான். எபிக்யூரஸின் அளவுகோலில் அதை இன்பம் என்ற கணக்கிலேயே சேர்க்க முடியாது.

ஓர் அடிமைக்கு இந்தத் தத்துவம் எதைத் தரும்?

இதுதான் எனக்கு மிகவும் சங்கடமான கேள்வி.

தோட்டத்தில் மிஸ் என்ற அடிமை இருந்தார். எபிக்யூரஸோடு சேர்ந்து தத்துவம் பயின்றவர், அந்தக் கூட்டத்தில் பெயர் பெற்றவர். எபிக்யூரஸின் உயில் நமக்கு முழுதாகக் கிடைத்திருக்கிறது. அதில் எழுதுகிறார்: “என் அடிமைகளில் மிஸ், நிக்கியாஸ், லைக்கோன் ஆகியோரை விடுவிக்கிறேன். ஃபைட்ரியனுக்கும் விடுதலை தருகிறேன்.” உயிலில் இது நல்ல வரிதான். ஆனால் சுதந்திரமே பெருங்கனி என்று சொன்னவர், கூடவே உட்கார்ந்து தத்துவம் பேசிய மனிதரைத் தான் சாகும்வரை சொத்தாக வைத்திருந்தார் என்பதும் அதே வரியில் இருக்கிறது.

இதற்குள் கொள்கைச் சிக்கலும் உண்டு. கிடைப்பதற்குத் தக்கபடி ஆசையைக் குறைத்துக்கொள்வது சுதந்திரம் என்றால், சிறையில் இருப்பவன் வெளியே போகும் ஆசையை விட்டுவிட்டால் சுதந்திரன் ஆகிவிடுவானா? இந்தக் காலத்தில் அமர்த்திய சென் இதே இடத்தில்தான் கை வைத்தார். காலகாலமாக ஒடுக்கப்பட்டவர்கள் பிழைக்க வேண்டி ஆசைகளைச் சுருக்கிக்கொள்கிறார்கள், கிடைத்த சின்னதிலும் மகிழ்கிறார்கள். அந்த மகிழ்ச்சியை வைத்து அவர்கள் வாழ்வு நன்றாக இருக்கிறது என்று அளக்கக்கூடாது என்றார்.

எபிக்யூரஸ் தரப்பில் ஒரு பதில் சொல்லலாம். அவர் எல்லா ஆசையையும் குறைக்கச் சொல்லவில்லை. பயமின்றி இருக்கும் ஆசை அவருக்கு அடிப்படையானது, அடிமைக்கு அது கிடைப்பதே இல்லை. ஆகவே அவர் கொள்கைப்படியே அடிமைமுறை தவறு என்று வாதிடலாம். ஆனால் அந்த வாதத்தை அவர் எழுதியதாகக் கிடைத்தவற்றில் இல்லை. நாமாகப் போட்டுக்கொள்வதுதான்.

அரசியலை விட்டு ஒதுங்கச் சொன்னது சுயநலம் இல்லையா?

‘கவனிக்கப்படாமல் வாழ்’ என்பது அந்தப் பள்ளியின் வாசகம். அன்றாட விவகாரங்களும் அரசியலும் ஒரு சிறை, அதிலிருந்து விடுபட வேண்டும் என்றும் இருக்கிறது. மாசிடோனியப் படைத்தலைவர்கள் முறைவைத்து ஆண்ட நகரத்தில், சபையில் போய்ப் பேசுவதால் என்ன நடக்கும் என்று அவர் நினைத்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் எல்லாரும் தோட்டத்துக்குள் போய்விட்டால் மதிலை யார் காப்பது என்று புளூட்டார்க் போன்றவர்கள் கேட்டதற்குச் சரியான பதில் இல்லை.

தன்னிறைவு என்கிறார், நட்பையும் தூக்கிவைக்கிறார். இரண்டும் முரண் இல்லையா?

முரண்தான், நல்ல முரண். வாழ்வை நிறைவாக்க அறிவு தரும் எல்லாவற்றிலும் நட்பே பெரிது என்றவர் அவர். நண்பனைத் தேடுவது இன்னொருவரைச் சார்வது ஆயிற்றே? அதற்கு அவர் விளக்கம்: நண்பர்களின் உதவி நமக்கு அவ்வளவு தேவையில்லை, உதவி வரும் என்ற நம்பிக்கைதான் தேவை. கடன் கேட்காமலே இருந்துவிடலாம். கேட்டால் கொடுக்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் இரவில் தூக்கம் வரும்.

அந்த உயிலிலேயே தன் நினைவாகவும் மெட்ரோடோரஸின் நினைவாகவும் ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதி தோட்டத்தில் கூட வேண்டும் என்று பணம் ஒதுக்கினார். இறந்துபோன மெட்ரோடோரஸின் மகளைக் கட்டிக்கொடுக்கவும் ஏற்பாடு செய்திருக்கிறார். கவனிக்கப்படாமல் வாழச் சொன்னவர் தன் நினைவு நாளுக்குத் தேதி குறித்ததைப் பார்த்துச் சிசரோ சிரித்தார். சிரிக்கட்டும்.

இது நம் உலகாயதம்தானே?

உறவு உண்டு, ஒன்றல்ல. மணிமேகலையில் சமயக்கணக்கர்களிடம் திறம் கேட்கும் காதையில் பூதவாதி வருகிறான். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் சேரும்போது வெறி பிறப்பது போல, பூதங்கள் சேரும்போது உணர்வு பிறக்கிறது, அவை பிரிந்தால் போய்விடும் என்கிறான். எபிக்யூரஸும் உயிர் என்பது அணுச் சேர்க்கை, கலைந்தால் இல்லை என்பார். கண்ணால் காண்பதற்கே இருவரும் முதல் மரியாதை கொடுக்கிறார்கள். ஆனால் கடவுளர் உண்டு, அவர்கள் நம் விஷயத்தில் தலையிட மாட்டார்கள் என்றவர் எபிக்யூரஸ். அணுவின் விலகல், ஆசைகளை வகைபிரித்தல் இவை அவருக்கே உரியவை.

அவர் எழுதியதில் எவ்வளவு கிடைத்திருக்கிறது?

மிகக் கொஞ்சம். 300 சுருள்கள் வரை எழுதினார் என்று பழைய குறிப்பு. முழுதாக மிஞ்சியவை மூன்று கடிதங்கள், 40 முக்கியக் கோட்பாடுகள், உயில். சிறு வாசகங்களின் தொகுப்பு ஒன்று 1888இல்தான் வத்திக்கான் நூலகத்துக் கையெழுத்துப் பிரதியிலிருந்து வெளிவந்தது. மேலே சொன்ன தன்னிறைவு, எளிமையின் அளவு பற்றிய வாசகங்கள் அதில் உள்ளவை.

இன்னும் வரக்கூடும். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இத்தாலியின் ஹெர்குலேனியம் ஊரில் ஒரு மாளிகையின் நூலகமே கரியாகிப் புதைந்தது. 1750களில் தோண்டி எடுத்தார்கள். கிடைத்த நூல்களில் பல எபிக்யூரஸ் மரபைச் சேர்ந்த ஃபிலோடெமஸ் எழுதியவை. பிரிக்கப் போனால் சுருள்கள் பொடிந்துவிடும். இப்போது பிரிக்காமலே எக்ஸ்கதிரால் படமெடுத்து, கணினியைப் பழக்கி எழுத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் அப்படி ஒரு சுருளின் 15 பத்திகளிலிருந்து 2,000 எழுத்துகளுக்கு மேல் படித்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. அந்தச் சுருளில் அது சுமார் 5 சதவீதம். படித்த பகுதி இன்பத்தைப் பற்றியதுதான். இசையும் சாப்பாடும் வருகின்றன. உணவு விஷயத்தில், அரிதாகக் கிடைப்பது தாராளமாகக் கிடைப்பதைவிட எப்போதும் அதிகச் சுவையானது என்று நாம் உடனே நம்பிவிடுவதில்லை என்று ஆசிரியர் வாதிடுகிறார். ஃபிலோடெமஸாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மீதிச் சுருளைப் படிக்கும் வேலை தொடர்கிறது.